வேலைக்குப் போய் வருவதே ஒரு வேலை

போன இதழில் "தினமும் வேலைக்குப் போய் வருகிற பயணம் உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தோம். கட்டுக்கட்டாகக் கடிதங்கள். பெரும்பாலும் புலம்பல்தான், ஆனால் புலம்ப வேண்டிய விஷயம்தான் அது. சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம், மேனேஜரைப் பற்றிப் பேசுகிறோம், போக வர ஆகிற நேரத்தைப் பற்றி மட்டும் "என்ன பண்றது, எல்லாரும்தானே போறாங்க" என்று முடித்துக்கொள்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. சில கடிதங்களும், ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கள் பதிலும் இதோ.

அலுவலகம் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேல். முக்கால்வாசி நாள் உட்கார இடம் கிடைத்துவிடும். ஆனாலும் வீட்டுக்கு வரும்போது அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. "உட்கார்ந்துதானே வர்றே, அப்படி என்ன களைப்பு?" என்கிறார்கள் வீட்டில். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகமே வேண்டாம், அது நிஜமான களைப்பு. உட்கார்ந்திருந்தது உடம்பு மட்டும்தான். கண் கடிகாரத்தில் இருக்கிறது, காது அடுத்த ஸ்டாப் அறிவிப்பில் இருக்கிறது, வண்டி வேகம் குறையும்போதெல்லாம் "இங்கே எவ்வளவு நேரம் நிற்கப்போகிறதோ" என்று உள்ளுக்குள் ஏதோ இறுகுகிறது, கிளம்பினால் தளர்கிறது, அடுத்த சிக்னலில் மறுபடி இறுகுகிறது. ஒன்றரை மணி நேரம் இப்படியே போனால் களைக்காமல் என்ன செய்யும்? கையில் பிடித்திருக்கிற பையை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். மடியில்தான் இருக்கும், விழப்போவதும் இல்லை, ஆனாலும் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். தோள்பட்டை காதுப் பக்கமாக ஏறியிருக்கும். இறங்குகிற வரைக்கும் நமக்கே தெரியாது.

கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் என்ற ஆராய்ச்சியாளர்கள் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தின்போது சுரக்கிற கார்ட்டிசால் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தார்கள். பயணம் நீள நீள அது கூடியிருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்ற நிச்சயம் இல்லாதவர்களுக்கு அழுத்தமும் அதிகம் என்று தெரிந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் பெண்கள் 909 பேரிடம், முந்தைய நாளில் என்னென்ன செய்தீர்கள், அந்தந்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டு உளவியலாளர் டேனியல் கானமன் குழு 2004இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. காலையில் வேலைக்குப் போகிற பயணம்தான் பட்டியலில் கடைசி. அலுவலக வேலைக்கும் கீழே, வீட்டு வேலைக்கும் கீழே. வீட்டில் கேட்கிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் எந்த இடம் உங்களைச் சோர்வாக்குகிறது என்று பிரித்துப் பாருங்கள். முழு ஒன்றரை மணி நேரமும் ஒரே மாதிரி இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு அது வண்டி மாறுகிற இடம், அல்லது கடைசி இருபது நிமிடம். மாறுகிற வண்டியை விட்டுவிட்டால் அடுத்தது எப்போதோ என்கிற பயம்தான் காரணம் என்றால், முன்னாடியே ஒரு வண்டிக்குக் கிளம்புவது பெரிய வித்தியாசத்தைத் தரும். பயணம் குறையாது, சில நாள் கூடவும் செய்யும். ஆனால் அந்த இறுக்கம் குறையும்.

எனக்கு அந்தப் பயணம் பிடித்திருக்கிறது. நாற்பது நிமிடம், யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், எதுவும் கேட்க மாட்டார்கள். வெளியே சொன்னால் வித்தியாசமாகப் பார்க்கிறார்கள். இது இயல்புதானா?

ரொம்ப இயல்பு. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வேலைக்குப் போகிறவர்களிடம் "உங்களுக்குப் பிடித்தமான பயண நேரம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள். லோத்லோரியன் ரெட்மண்டும் பேட்ரிசியா மொக்டேரியனும் 2001இல் வெளியிட்ட ஆய்வு. சராசரியாக வந்த பதில் சுமார் 16 நிமிடம். வீட்டு வாசலிலேயே அலுவலகம் இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். வீட்டு ஆளாக இருப்பதிலிருந்து வேலை ஆளாக மாறுவதற்கும், திரும்ப மாறுவதற்கும் கொஞ்சம் இடைவெளி வேண்டியிருக்கிறது. 2020இல் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியபோது நிறைய பேர் இதைத்தான் உணர்ந்தார்கள், மடிக்கணினியை மூடிய அடுத்த நொடியே சமையலறையில் நிற்பது அவர்களுக்குச் சரிப்படவில்லை.

உங்களுக்கு அது கிடைக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பது நிமிடத்தில் அலுவலக மெயில் பார்க்கிற பழக்கத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

அரை மணி நேரத்தில் போகிற வேலையில் இருக்கிறேன். இன்னொரு இடத்தில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் ஒரு பக்கமே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?

முடிவு உங்களுடையது. ஆனால் "பழகிவிடும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சம்பள உயர்வுதான் சீக்கிரம் பழகிவிடுகிறது. முதல் சில மாதம் கையில் கூடுதலாக இருக்கும், அப்புறம் அதுவே வழக்கமான சம்பளம். நெரிசல் அப்படிப் பழகுவதில்லை, ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி வருகிறது. இன்று மழை, நாளை விபத்து, மறுநாள் காரணமே தெரியாமல் நிற்கும். பழகுவதற்கு ஒரு விஷயம் கொஞ்சமாவது ஒரே மாதிரி இருக்க வேண்டாமா?

அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் 1985 முதல் 2003 வரை திரட்டிய குடும்ப ஆய்வுத் தகவல்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ மலிவான வீடோ கிடைத்திருக்கும், ஆகவே மொத்தத்தில் அவர்களும் மற்றவர்கள் அளவுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அப்படி இல்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்துதான் இருந்தது. ஈடாக எதையோ வாங்கிக்கொண்டோம் என்று அவர்கள் நினைத்தது ஈடாகவே இல்லை.

உங்கள் கணக்கையே போடுவோம். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம் கூடுதல், இரண்டு பக்கம் சேர்த்து ஒன்றரை மணி, வாரம் ஐந்து நாளுக்கு ஏழரை மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு முழு வேலை நாள். சம்பளத்தில் கூடுகிற தொகையிலிருந்து பயணச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மாதம் முழுக்கச் சேர்கிற அந்தக் கூடுதல் மணி நேரங்களால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு அந்தத் தொகை தருகிறோம் என்று யாராவது உங்களை வாரத்தில் ஒரு நாள் முழுக்க நெரிசலில் நிற்கச் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? ஒத்துக்கொள்வேன் என்றால் தாராளமாகப் போங்கள். கடன் இருக்கும், பிள்ளைகள் படிப்பு இருக்கும், அந்த வேலையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும், அதெல்லாம் நியாயமான காரணங்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், பீக் அவரில், வீட்டிலிருந்து கிளம்பி அந்த அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். சாயங்காலம் அங்கிருந்து திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு "முக்கால் மணிதான்பா" என்று முடிவு செய்கிறவர்கள் நிறைய. இன்னொன்று, வீட்டில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். அந்த ஏழரை மணி நேரத்தில் பாதி அவர்களுடையது.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று போட்டிருக்கிறார்கள். நான் நிற்கும்போது மட்டும் கால் மணி நேரம் ஆகிறது, அப்புறம் இரண்டு சேர்ந்து வருகிறது. என் ராசி அப்படியா?

ராசி இல்லை, கணக்கு. இது பலருக்கும் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பஸ்கள் ஒரு முறை 5 நிமிட இடைவெளியில், அடுத்த முறை 15 நிமிட இடைவெளியில் என்று மாறி மாறி வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 10 நிமிடம், அட்டவணையில் போட்டது பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு 20 நிமிடத்திலும் 15 நிமிடம் அந்த நீண்ட இடைவெளிக்குச் சொந்தம். நீங்கள் ஏதோ ஒரு நேரத்தில் ஸ்டாப்புக்கு வருகிறீர்கள், நாலில் மூன்று தடவை அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் வந்து விழுவீர்கள். சரியாகப் பத்துக்குப் பத்து வந்திருந்தால் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பீர்கள், இப்போது ஆறேகால் நிமிடம். இரண்டு பஸ்ஸும் ஒட்டிக்கொண்டே வந்து அடுத்த ஜோடி 20 நிமிடம் கழித்து வந்தால், சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். அட்டவணை அப்போதும் மாறவில்லை, உங்கள் காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

ஏன் சேர்ந்து வருகிறது? ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் அதற்காகக் கூடுதலான ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரமாகிறது, இன்னும் தாமதம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது நிற்காமல் வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. அதனால் ரொம்ப நேரம் காத்திருந்த பிறகு பிதுங்கி வழிகிற ஒரு பஸ் வந்தால், முண்டியடித்து ஏறாமல் தலையை எட்டி அதன் பின்னால் பாருங்கள். பல நேரம் அடுத்தது பாதி காலியாக வந்துகொண்டிருக்கும்.

காத்திருப்பதில் வருகிற எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மெய்ஸ்டர் 1985இலேயே எழுதினார். அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் என்று காட்டுகிற பலகை வைத்தால் வண்டி சீக்கிரம் வந்துவிடப்போவதில்லை, ஆனால் நிற்கிறவர்கள் மனசு அடங்குகிறது. அதே பலகையில் "2 நிமிடம்" என்று வந்து ஐந்து நிமிடத்துக்கு அசையாமல் நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கூட்டத்தில் நிற்கும்போது வேண்டுமென்றே உரசுகிறார்கள், கை படுகிறது. சொன்னால் "கூட்டம்னா அப்படித்தான் இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார்கள். வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது.

நெரிசல் வேறு, நீங்கள் எழுதியிருப்பது வேறு. கூட்டத்தில் தோளோடு தோள் இடிப்பது யாருக்கும் பிடிக்காது, ஆனால் அதில் யாருடைய எண்ணமும் இல்லை. வேண்டுமென்று கை வைப்பது குற்றம். அதை அட்ஜஸ்ட் செய்துகொள்ளச் சொல்கிறவர்களிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

முடிந்தால் சத்தமாகச் சொல்லுங்கள், திட்ட வேண்டும் என்பதுகூட இல்லை, "கையை எடுங்க" என்று பக்கத்தில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. இப்படிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்தின் மறைவை நம்பித்தான் செய்கிறார்கள், மறைவு போனால் தைரியமும் போய்விடும். சில நேரம் குரலே வராது, உடம்பு உறைந்து போய்விடும். அது உங்கள் தப்பு இல்லை, ஆபத்தில் உடம்பு அப்படியும் நடந்துகொள்ளும். அப்போது அந்த இடத்தைவிட்டு நகர்வது, ஓட்டுநர் அல்லது நடத்துநர் பக்கம் போவது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவது, எல்லாமே சரிதான். நேரம், வண்டி எண், எந்த இடம் என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள், புகார் கொடுக்க நினைத்தால் உதவும். வேலைக்கு வரும் வழியில் இப்படி நடக்கிறது என்று அலுவலகத்திலும் சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க அது போதுமான காரணம்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் ஒரு பெண் அடிக்கடி இடம் மாறி நிற்கிறார், திரும்பித் திரும்பிப் பார்க்கிறார் என்றால் கவனியுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், "இங்கே வந்து நில்லுங்க, இடம் இருக்கு" என்று சொன்னாலே போதும், அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் தவித்துக்கொண்டிருப்பார்.

முன்னால் விபத்தும் இல்லை, சிக்னலும் இல்லை, ஆனாலும் நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்று நின்று போகின்றன. எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

அந்தக் கோபத்துக்கு ஆள் தேடாதீர்கள், பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார். ஜப்பானில் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லி ஒரு சோதனை செய்தார்கள், முடிவு 2008இல் வெளிவந்தது. தடை எதுவும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் தானாகவே நெரிசல் உண்டாகி, அலை மாதிரி பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. ஒருவர் லேசாக பிரேக் தொட்டால் பின்னால் வருகிறவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறார், அவருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம், கடைசியில் யாரோ ஒருவர் முழுக்கவே நின்றுவிடுகிறார். முன்வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரே சீரான வேகத்தில் போனால் அந்த அலை உங்களிடம் வரும்போது கொஞ்சம் தணியும். நடுவில் யாராவது புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும்.

பயணத்தில் புத்தகம் படிக்கலாம் என்றால் குமட்டுகிறது.

கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உள்காது "நகர்கிறோம்" என்கிறது, மூளைக்கு இரண்டும் ஒத்துப்போவதில்லை. முன்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார்ந்து தூரத்தில் பாருங்கள், படிப்பதற்குப் பதில் காதால் கேளுங்கள். ரயிலில் சிலருக்கு இந்தத் தொந்தரவு குறைவு.

வேலையை மாற்ற முடியாது, வீட்டையும் மாற்ற முடியாது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தைகள் மேல் எரிந்து விழுகிறேன், அப்புறம் வருத்தப்படுகிறேன். ஏதாவது வழி இருக்கிறதா?

இரண்டும் மாறாது என்றாலும் நடுவில் மாற்றக்கூடியது இருக்கிறது. முதலில் வழி. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம், பல நிலையங்கள் மூடிக்கிடந்தன. வேறு வழியில்லாமல் மக்கள் மாற்றுப் பாதையில் போனார்கள். வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேர் பழைய பாதைக்குத் திரும்பவே இல்லை, புதியது நன்றாக இருந்திருக்கிறது! வருடக்கணக்காக ஒரே வழியில் போகிறவர் என்றால், நீங்களும் ஒரு வாரம் வேறு வழி, வேறு நேரம் என்று முயன்று பாருங்கள்.

அடுத்தது நடை. பிரிட்டனில் வேலைக்குப் போகிறவர்களைப் பல வருடம் தொடர்ந்து கேட்ட ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. காரிலிருந்து நடைக்கோ சைக்கிளுக்கோ பொதுப் போக்குவரத்துக்கோ மாறியவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. முழு தூரமும் நடக்க முடியாது, தெரியும். ஆனால் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி வீடு வரை நடக்கலாம், பாதுகாப்பான பாதை இருந்தால். அந்த நடை உடற்பயிற்சிக்காக இல்லை, வண்டியில் ஏறிய எரிச்சல் வழியிலேயே இறங்குவதற்காக. சிலர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கும் தேவைப்படுவது அந்த இடைவெளிதான்.

வீட்டிலும் சொல்லிவிடுங்கள். "வந்ததும் பத்து நிமிடம் எனக்குக் கொடுங்கள், முகம் கழுவிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று குழந்தைகளிடமே சொல்லலாம், சின்னப் பிள்ளைகளுக்கும் புரியும். ஆனால் சொன்ன பத்து நிமிடம் முடிந்ததும் நீங்களே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் நம்ப மாட்டார்கள். வீட்டில் இருக்கிற இன்னொருவரும் அன்று முழுக்க குழந்தைகளோடு இருந்து களைத்திருப்பார், அவருக்கும் அதே மாதிரி பத்து நிமிடம் கொடுங்கள்.

கடைசியாக, மேனேஜரிடம் பேசுங்கள். சலுகை கேட்கிற மாதிரி பேச வேண்டாம். ஒன்பது மணிக்கு வந்தே ஆக வேண்டும் என்பதை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் என்று மாற்றினால், வேலை நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது, பீக் அவருக்கு முன்னாலோ பின்னாலோ நீங்கள் கிளம்பலாம், தாமதமாகிவிடுமோ என்ற பதற்றமும் போய்விடும். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அதே பக்கத்திலிருந்து வருகிற நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.